ஒரு நாரும் முப்பத்திரண்டு வீடுகளும்

லிந்துலையில் மழைக்காலம் என்று தனியே ஒன்றைச் சுட்டுவது அரிது. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை ஆவணி வரை ஓயாது. அஃது ஓய்ந்த கையோடு பிற்பகல் இடியுடன் ஐப்பசி மழை வந்து சேரும். அத்தகைய மாலைப்பொழுது ஒன்றில் மரக்கிளையொன்று முறிந்து வீதியோரத்துக் கம்பிகளின்மேல் விழுந்தது. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டியிற் பச்சையாய் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்து, அதனருகே சிவப்பு விளக்கொன்று கண்சிமிட்டத் தொடங்கிற்று. அடுத்த வீட்டிற் போய்ப் பார்த்தேன்; அங்கும் சிவப்பு. எதிர் வீட்டிலும், அதற்கப்பால் மருந்துக் கடையிலும் அவ்வாறே. மின்சாரமோ ஓரிடத்திலும் தடைப்படவில்லை.

மறுநாட் காலை ஏணியோடு வந்த இளைஞர் முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். வீட்டுக்குள் வராமலே கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "சேர், உங்க வீட்டு வயர்ல ஒண்ணும் இல்லை. ஸ்பிளிட்டருக்கு அங்கிட்டு அறுந்திருக்கு. அதுதான் எல்லாருக்கும் ஒண்ணாப் போயிருக்கு" என்றார். நால்வர் வீட்டு விளக்குகளை வைத்து நான் ஊகித்திருக்க வேண்டியதை அவர் ஒரு பார்வையிற் சொல்லிவிட்டார். அறுந்ததை ஒட்டி முடித்தபின், என் ஆவலைக் கண்டு, கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து அந்த ஸ்பிளிட்டரையும் காட்டினார். சுண்டுவிரலளவான ஒரு சிறு உலோகக் கூடு. ஒரு முனையில் ஒரே ஒரு நார் உள்ளே நுழைகிறது. மறுமுனையில் முப்பத்திரண்டு நார்கள் நிறம் நிறமாய் வெளிவருகின்றன.

"இதற்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"கரண்டே வேண்டாம் சேர். உள்ள இருக்கிறது வெறும் கண்ணாடி."

அந்த வெறுங் கண்ணாடி என்னைச் சில வாரங்கள் விடவில்லை. பதவியலும் புணரியலும் கற்பித்துக் காலங் கழித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வேலை உண்டு என்பதைப் போகப் போகக் காண்பார்கள். எங்கள் கல்லூரிப் பௌதிக ஆசிரியரைத் தொல்லைப்படுத்தியும், கிடைத்த நூல்களைப் படித்தும் நான் தெளிந்துகொண்டதை இங்கே எழுதுகின்றேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலேயர் அதனைப் 'பிளப்பது' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 'பிரிப்பான்' என்று சிலர் தமிழில் எழுதுகின்றனர். பிரிதல் என்பது கூடியிருந்தவை நீங்குதல். இங்கே நிகழ்வது அதுவன்று. ஒன்றையே பங்காக்குதல் நிகழ்கிறது. ஆதலின் 'பகுப்பான்' என்பதே பொருந்தும். இத்தகைய பகுப்பானைக் கொண்ட வலையமைப்பைச் 'செயலற்ற வலையமைப்பு' என்று மொழிபெயர்ப்பதும் எனக்கு உடன்பாடன்று. செய்யவேண்டியதைச் செய்துகொண்டேயிருக்கும் ஒன்றைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது? நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியில் எங்கும் மின்சாரம் வேண்டாமையே அதன் இயல்பு. 'மின்வேண்டா வலை' என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஏற்பார் ஏற்க.

ஒளி கண்ணாடி நாரினுள் ஓடும் விதத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்தின் எல்லையைச் சாய்வாகச் சென்று முட்டும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே தெறித்துத் திரும்பும். நாரின் நடுவே உட்கரு; அதனைச் சுற்றி ஒளிமுறிவு சற்றே குறைந்த உறை. உறையோடு சேர்த்து நாரின் விட்டம் 125 மைக்கிரோமீற்றர், அஃதாவது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் உட்கருவோ ஏறக்குறைய 9 மைக்கிரோமீற்றரே. தண்ணீர்த் தாரையினுள் ஒளி வளைந்து செல்வதை ஜெனீவாவிற் கொலடோனும் இலண்டனில் ரிண்டலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவையோர்க்குக் காட்டினர். பஞ்சாபின் மோகா ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹொப்கின்ஸ் என்பாரோடு சேர்ந்து, நார்க்கற்றை வழியே உருவங்களைக் கடத்தி 1954 இல் உலகுக்கு அறிவித்தார். ஆயினும் அக்காலக் கண்ணாடியில் ஒளி சில மீற்றர் செல்வதற்குள் மாய்ந்துபோகும். குற்றம் கண்ணாடியினுடையது அன்று, அதிற் கலந்த மாசினுடையது என்று 1966 இல் எடுத்துக்காட்டியவர் சார்ள்ஸ் காவோ. ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும், தொலைத்தொடர்பு கைகூடும் என்றார் அவர். 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினர். காவோவுக்கு நோபெல் பரிசு 2009 இலே கிட்டிற்று. இன்று என் வீட்டுக்கு வரும் நாரில், ஒரு கிலோமீற்றர் கடந்தபின் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு எஞ்சுகிறது.

இனிப் பகுப்பானுக்கு வருவோம். அதனை ஆக்கும் முறை இரண்டு. பழைய முறை கைவினைஞர் முறை எனலாம். இரண்டு நார்களை அருகருகே சேர்த்து முறுக்கிச் சுடரிற் காட்டி உருக்கி இருபுறமும் மெல்ல இழுப்பர். இழுக்க இழுக்க இடை மெலியும். மெலிந்த இடத்தில், உட்கருவினுள் அடங்கியிருந்த ஒளி அடங்கமாட்டாது வெளியே கசிந்து அயல் நாரினுட் புகும். எவ்வளவு புகுகிறது என்பதை அளந்துகொண்டேயிருந்து, சரிபாதி புகுந்த கணத்தில் இழுப்பை நிறுத்துவர். இரண்டாகப் பகுக்க இது போதும். முப்பத்திரண்டாகப் பகுக்க இம்முறையிற் பல துண்டுகளைத் தொடுக்கவேண்டும். அன்றியும் ஒளியின் அலைநீளம் மாறினாற் பங்கும் மாறிவிடும். புதிய முறையில், கணினிச் சில்லுகளைச் செய்வதுபோலவே, தட்டையான ஒரு தகட்டின்மேற் சிலிக்காக் கண்ணாடியால் நுண்ணிய பாதைகளை வரைந்துவிடுகின்றனர். ஒரு பாதை இரண்டாகக் கவடுவிடும், இரண்டும் நான்காகும், பின்னர் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஐந்து கவடுகளில் முடிந்தது. கம்பத்துப் பெட்டியில் நான் கண்டது இவ்வகையினது.

ஒவ்வொரு கவட்டிலும் ஒளியின் வலு சரிபாதியாகிறது. இவ்வாறு முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சிதைந்த ஒளியிலே செய்தி எப்படிச் சிதையாதிருக்கிறது? நான் முதலில் இடறிய இடம் இதுவே. எங்கள் தோட்டங்களில் மலையுச்சி ஊற்றுநீர் ஒரே குழாய் வழியாக இறங்கி லயத்தருகே பீலியில் விழுகிறது. அதற்கும் மின்சாரம் வேண்டா. ஆகவே பகுப்பானும் ஒரு பீலிதான் என்று நினைத்தேன். பிழை. பீலி நீரை எட்டாகப் பகுத்தால் ஒரு குடம் நிரம்ப எட்டு மடங்கு நேரம் ஆகும். எனக்கு வந்த துளி உனக்கு வராது. ஒளி அவ்வாறன்று. வகுப்பிலே நாற்பது மாணவர்முன் ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்கிறேன். என் குரலின் வலுவில் ஒவ்வொரு செவிக்கும் எட்டுவது மிகச் சிறு பங்கே. ஆயினும் நாற்பதில் ஒரு பங்குப் பொருளை ஒருவன் பெற்று அடுத்த பங்கை மற்றொருவன் பெறுவதில்லை. கேட்கும் அளவுக்குக் குரல் இருக்கும்வரை ஒவ்வொருவனும் முழுப்பொருளையும் பெறுகிறான். ஒளி இருக்கிறது, இல்லை என்னும் இரண்டு நிலைகளாலேயே செய்தி எழுதப்படுகிறது. இருப்பு மங்கலாயினும் இருப்பே. நன்னூலார் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்துக் காட்டினார் அன்றோ? நாரிலே ஓடும் ஒளி பகுபதம். அது சுமக்கும் செய்தி பகாப்பதம். இதனை மாணவரிடம் சொன்னபோது பௌதிக ஆசிரியர் சிரித்தார், மறுக்கவில்லை.

முப்பத்திரண்டு வீட்டாருக்கும் எல்லாச் செய்தியும் போகுமாயின் மறைபொருள் எங்ஙனம் காக்கப்படும்? நிலையத்திலிருந்து இறங்கும் செய்தி துண்டு துண்டாகவே வருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய வீட்டின் எண் இடப்பட்டிருக்கும். என் வீட்டுப் பெட்டி தன் எண்ணைக் கண்டதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அயலார் துண்டை எடுத்துப் படிக்க முனைந்தாலும் படிக்கவியலாதபடி அவை மறைகுறியாக்கப்பட்டிருக்கும். உலகெங்கும் பரவியுள்ள ஜீபொன் என்னும் முறையில் இறங்கும் வேகம் நொடிக்கு 2,488 மெகாபிற்று. ஸ்ரீ லங்கா டெலிகொம் வீடுகளுக்கு வழங்கும் நார்ச்சேவையும், இந்தியாவில் ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டமும் இம்முறையைக் கையாள்பவையே. முப்பத்திரண்டு வீட்டாரும் ஒரே கணத்தில் முழு வேகமும் கேட்டால் ஆளுக்கு 77 மெகாபிற்று வரும். அவ்வாறு எல்லாரும் ஒருங்கே கேட்பது எப்போதோ ஒருமுறைதான்.

வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஏறும் வழியிலேதான் சிக்கல் மிகுதி. இறங்குவதற்கு 1,490 நானோமீற்றர், ஏறுவதற்கு 1,310 நானோமீற்றர் என அலைநீளம் வேறுபடுவதால் ஒரே நாரில் இரண்டும் மோதாமற் செல்லும். இரண்டுமே கண்ணுக்குப் புலனாகாதவை. ஆனால் முப்பத்திரண்டு வீடுகளும் ஒரே அலைநீளத்தில் ஒருங்கே பேசினால் பகுப்பானில் எல்லாம் கலந்து ஒன்றும் விளங்காது. ஆதலால் முறைவைத்துப் பேசவேண்டும். மடுவத்திலே கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தராசு ஒன்றே, பெண்கள் வரிசையில் நிற்பர், கணக்கப்பிள்ளை பெயர் சொன்னதும் ஒருத்தி கொழுந்தை வைப்பாள், அவள் எடுத்தபின் அடுத்தவள். இங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. அன்றியும், சிலர் தராசுக்கு அருகிலும் சிலர் இருபது கிலோமீற்றர் தொலைவிலும் நிற்கின்றனர். கண்ணாடியில் ஒளி ஒரு கிலோமீற்றர் செல்ல நொடியின் இலட்சத்தில் அரைப்பங்கு எடுக்கும். ஆகவே நிலையம் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் ஒரு வினா விடுத்து, விடை வரும் நேரத்தை அளந்து, அருகிலிருப்பதை இத்துணை நேரம் தாமதித்துப் பேசு என்று பணிக்கிறது. அதன்பின் தராசுக்கு முன் எல்லாரும் ஒரே தொலைவில் நிற்பவரே.

இவ்விடத்தில் எனக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று. இறங்கும்போது முப்பத்திரண்டாகப் பங்கிடுவதால் வலு குறைகிறது, சரி. ஏறும்போது ஒரே வீட்டின் ஒளிதானே செல்கிறது, அது குறையாமற் போகவேண்டுமன்றோ? இல்லை. ஏறும் ஒளியும் ஒவ்வொரு கவட்டிலும் பாதியை இழக்கிறது. கிளையாறு பேராற்றிற் கலக்கும்போது நீர் குறைவதில்லை. ஆனால் இரண்டு ஒளிப்பாதைகள் ஒன்றாகும் கவட்டில், ஒருபாதை வழியே மட்டும் வரும் ஒளியிற் பாதி, முன்னுள்ள ஒடுங்கிய பாதையிற் பொருந்தமாட்டாமற் சுற்றியுள்ள கண்ணாடியிற் சிதறி அழிகிறது. கொடுக்கும்போதும் பெறும்போதும் ஒரே கூலி வாங்கும் பொருள் இது. இன்னுமொன்று: முப்பத்திரண்டு நார்களில் இருபது மட்டுமே வீடுகளுக்குப் போகின்றன என்று கொள்வோம். எஞ்சிய பன்னிரண்டின் பங்கு மற்றவர்க்குச் சேராது. ஆளில்லாத வாயிலுக்கும் அதன் பங்கை அளந்து போட்டுவிடும். அஃது இருளிலே வீணாகும்.

இந்தக் கூலிக்கணக்கைப் பொறியியலார் டெசிபெல் என்னும் அளவாற் போடுகின்றனர். பாதியாவது ஏறக்குறைய 3 டெசிபெல். ஐந்து கவட்டுக்கு 15. செய்குறைகளையும் சேர்த்தால் 17. நாரில் ஒரு கிலோமீற்றருக்கு 0.35. ஜீபொன் முறையிற் பெரிதும் வழங்கும் தரத்தில் மொத்தம் 28 டெசிபெல் வரை இழக்கலாம். அஃதாவது அனுப்பிய ஒளியில் 630 இல் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் வீட்டுப் பெட்டி படித்துவிடும். பகுப்பானுக்கு 17 கொடுத்தபின் 11 மிஞ்சுகிறது. இருபது கிலோமீற்றர் நாருக்கு 7 போனாலும் ஒட்டுகளுக்கும் இணைப்புகளுக்கும் 4 கையிருப்பில் உண்டு. இவ்வெண்களை வாசகர் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

குறை ஒன்றையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். 2022 பங்குனியில் நாடு முழுவதும் ஒரே நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. கம்பத்துப் பகுப்பான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் வீட்டுப் பெட்டிதான் உயிரற்றுக் கிடந்தது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்னை நிலையமே அக்கம்பி வழி அனுப்பும்; ஊர் இருண்டாலும் தொலைபேசி ஒலிக்கும். கண்ணாடி மின்னைக் கடத்தாது. இந்த ஒன்றில் நாம் இழந்திருக்கிறோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினாவுக்கு வருகிறேன். உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தி மாலைவேளைகளில் என் வீட்டு இஸ்தோப்பில் வந்தமர்ந்து, பாட விளக்கங்களைத் தன் கைபேசியில் இறக்கிக்கொண்டு போவாள். 2020 இலும் 2021 இலும் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, அவள் தன் தம்பியோடு தேயிலை மலையுச்சிப் பாறையிலேறி அலைவரிசை தேடியதை நான் கண்டிருக்கிறேன். அவளுக்கும் இந்தப் பகுப்பானின் கதையை ஒரு நாள் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "சேர், எங்க லயத்தில பன்னிரண்டு காம்பரா. பின்னாலயும் பன்னிரண்டு. மொத்தம் இருபத்திநாலு. ஒரே கூரை. ஸ்பிளிட்டரை இறவாணத்தில வச்சா எல்லா வீட்டுக்கும் பத்தடி வயர்தானே வேணும்? அப்போ ஏன் வரல்ல?" என்றாள்.

நான் விடை சொல்லத் தயங்கினேன். அவள் சொன்னது முற்றும் சரி. வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரத்திலுள்ள ஊரைவிட, ஒரே கூரையின்கீழ் இருபத்துநான்கு குடும்பங்களை அடைத்துவைத்த லயத்துக்கே இக்கருவி மிகவும் பொருந்தும். வெள்ளைக்காரத் துரைமார் சிக்கனம் கருதிக் கட்டிய நீளக் கொட்டில், எதற்குப் பொருந்தாதாயினும் பகுப்பானுக்குப் பொருந்துகிறது. தடை கண்ணாடியில் இல்லை.

தடை எங்கே என்று தேடினால், நிலத்திலே முடிகிறது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992 இற் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினது, நடத்துவது கம்பெனி, குடியிருப்பவரிற் பெரும்பாலார் கையில் உறுதி இல்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணிசெய்யத் தடையாயிருந்த 1987 ஆம் ஆண்டுச் சட்டமே 2018 இலேதான் திருத்தப்பட்டது. கம்பம் நட ஒருவர் இசையவேண்டும். நட்டபின் விண்ணப்பிக்க முகவரி வேண்டும். விண்ணப்பத்தாளிலே வீட்டிலக்கம், வீதி என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவளுக்கு இரண்டும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், தந்தையின் பெயர், அவ்வளவே. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஓரிடத்தில் ஒரே கட்டாய் இறங்கிக் கைமாறிக் கைமாறி லயத்தை அடைகின்றன. அவளுடைய அக்காளை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் குறித்த நாளுக்கு நான்கு நாள் கழித்து வந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று, நொடிக்குக் கோடிக்கணக்கான துண்டுகளை வீட்டெண் தவறாமற் சேர்க்கும் வலையிற் பங்குகொள்கிறது. அந்த வலைக்கு அவள் வீட்டைக் குறிக்க ஓர் எண் கிடைக்கவில்லை. ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் சுவரில் எழுதினாற் போதும். அதனை எழுத யாருக்கு அதிகாரம் என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு தாளோடு வந்தாள். கடைசிக் கம்பம் நிற்கும் தோட்ட முகப்பிலிருந்து லயம் வரை தம்பியை ஒரு கயிற்றின் நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்திருக்கிறாள்: 1,500 மீற்றர். நிலையத்திலிருந்து முகப்புவரை வீதி வழியே 4 கிலோமீற்றர். மொத்த நாருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல், பகுப்பானுக்கு 17, ஒட்டுகளுக்கு 2; ஆக 21. இருபத்தெட்டில் 7 கையிருப்பு என்று அடிக்கோடிட்டிருந்தாள். வெறுமையாய்க் கிடக்கும் எட்டு வாயில்களுக்கும் ஒரு குறிப்பு: ஒன்று பிள்ளைக் காம்பராவுக்கு, ஒன்று கோயிலுக்கு, ஆறு இனித் திருமணமாகித் தனிக்குடும்பமாவோருக்கு. கீழே வேண்டுகோள் நான்கு வரியில் இருந்தது. இரண்டு இடத்தில் வல்லொற்று விடுபட்டிருந்தது, திருத்தினேன். கணக்கிற் கைவைக்க ஒன்றும் இருக்கவில்லை.

தாளை மடித்து உறையிலிட்டுப் பெறுநர் முகவரியை எழுதினாள். அனுப்புநர் என்னும் இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதத் தொடங்கியவளை நான்தான் தடுத்தேன். விடை வந்தாற் காலத்தோடு வரவேண்டுமே என்று என் வீட்டு இலக்கத்தையும் வீதியையும் சொன்னேன். அவற்றை எழுதிவிட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினாள்.